கோல்ஃப் டூர்னா ஊர் சுத்தறதில்லீங்க: ஒரு சீசன் எப்படி ஓடுதுன்னு ஒரு சந்தைக் கணக்கு

செட்டிபாளையம் போற ரோட்டுல ஒரு பேக்கரில நின்னு டீ குடிச்சுட்டு இருந்தோம். கோயமுத்தூர் கோல்ஃப் கிளப் அந்தப் பக்கந்தான், அதனால பேச்சு தானா அங்க போயிருச்சு. மச்சான் கேட்டான், "புரோ புரோன்னு சொல்றாங்களே, அவனுக்கெல்லாம் மாசம் எத்தன லட்சம் சம்பளம் இருக்கும்?" பக்கத்துல தேங்கா பன்னு தின்னுட்டிருந்த பெரியவரு ஒருத்தரு, "சம்பளமா, அவிகெல்லாம் மில்லு மொதலாளிக வூட்டுப் பசங்க தம்பி, பொழுது போகாம வெளையாடறாங்க"ன்னாரு. இன்னொருத்தரு, ஐ.பி.எல். மாதிரி ஏலம் விட்டுத்தான் ஆளு எடுப்பாங்கன்னு சூடம் அணைக்காத கொறையா சொன்னாரு.

மூணும் தப்புங்க. ஆனா அவங்களையும் ஒன்னும் சொல்ல முடியாது, ஏன்னா பேப்பர்ல வர்றதே "இன்னார் 2 ஷாட் வித்தியாசத்துல சாம்பியன், பரிசு இத்தன லட்சம்"னு நாலு வரிதான், அந்த நாலு வரிக்குப் பின்னால ஒரு வருஷம் முழுக்க ஓடற கணக்கு ஒன்னு இருக்கு, உண்மையான சண்டை அந்தக் கணக்குலதான் நடக்குதுன்னு யாரும் எழுதறதில்ல. அதைத்தான் இங்க எழுதறேன். கோல்ஃப் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. சந்தை தெரிஞ்சா போதும்.

## டூர்னா என்ன

எங்க அப்பிச்சி மாட்டு வியாபாரிங்க. செவ்வாக்கெழம பொள்ளாச்சி, வியாழக்கெழம ஈரோடு கருங்கல்பாளையம், ஆடி மாசம் வந்தா அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை. எந்தச் சந்தைக்குப் போனாலும் பாதிக்கு மேல அதே மொகந்தான், அதே ஆளுக, அதே துண்டுக்கடியில வெரலைப் புடிச்சு பேரம். யாரும் அவருக்கு மாசச் சம்பளம் குடுக்கல. உள்ள போறப்பவே சுங்கம் கட்டணும், வித்தா காசு, விக்காட்டி மாட்டை மறுபடி வண்டில ஏத்திட்டு ஊருக்கு வரணும், வண்டி வாடகை கைக்காசு.

கோல்ஃப் டூர் அச்சு அசலா இதேதான். ஒரு டோர்னமென்ட்டுங்கறது ஒரு சந்தை. டூர்ங்கறது அந்த வருஷத்துச் சந்தைக எல்லாத்தையும் ஒரு வரிசையா கோத்து, எந்தெந்த ஆளு எந்தெந்த சந்தைல நிக்கலாம்னு முடிவு பண்ற அமைப்பு. சீசன்ங்கறது மொத சந்தைல இருந்து கடேசி சந்தை வரைக்கும் உள்ள காலம். அவ்ளோதாங்க. டீம் கெடையாது, ஏலம் கெடையாது, ஹோம் கிரவுண்ட் கெடையாது.

நம்ம நாட்டுல ஆம்பளைங்களுக்கு ரொம்ப நாளா இதை நடத்தறது பி.ஜி.டி.ஐ.ங்கற அமைப்பு, முழுப் பேரு புரொஃபஷனல் கோல்ஃப் டூர் ஆஃப் இந்தியா. 2006ல வெளையாடறவங்களே சேர்ந்து ஆரம்பிச்சது. 2024ல இதுக்குத் தலைவரா வந்தவரு நம்ம கபில்தேவ், கிரிக்கெட்டை விட்ட பொறகு அவரு புடிச்ச மட்டை இதுதான். டெல்லி, சண்டிகர், கொல்கத்தா, அகமதாபாத், பெங்களூர்னு ஊர் ஊரா போகும், டாக்கா கொழும்பு வரைக்கும் கூடப் போயிட்டு வந்திருக்கு, கோடையும் மழையும் வர்ற மாசத்துல கொஞ்சம் இடைவெளி விட்டு, வருஷக் கடேசில ஜாம்ஷெட்பூர்ல ஒரு பெரிய போட்டியோட முடியும். பொம்பளைங்களுக்கு இதே மாதிரி தனி டூர் இருக்கு, கணக்கு முறை ஏறக்கொறைய இதேதான்.

இது மாதிரி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒன்னு இருக்குங்க. ஆசியாவுக்கு ஏசியன் டூர், தென்னாப்பிரிக்காவுல சன்ஷைன் டூர், ஜப்பானுக்குத் தனியா ஒன்னு, ஐரோப்பாவுக்கு 1972ல ஆரம்பிச்ச யூரோப்பியன் டூர், அதுதான் 2022 சீசன்ல இருந்து டி.பி. வேர்ல்ட் டூர்ங்கற பேர்ல ஓடுது. எல்லாத்துக்கும் மேல காசுலயும் பேர்லயும் பெருசு அமெரிக்காவோட பி.ஜி.ஏ. டூர். டிவில நீங்க பாக்கறது பெரும்பாலும் அது. அதைப் பாத்துட்டு உள்ளூர் டூரையும் அதே மாதிரி நெனச்சுக்கறதுல இருந்துதான் பாதி குழப்பம் ஆரம்பிக்குது.

## புரோன்னா யாரு

"புரோ"ன்னா ரொம்ப நல்லா வெளையாடறவன்னு ஒரு நெனப்பு இருக்கு. அப்படி இல்லீங்க. பரிசுப் பணத்தைக் கையில வாங்கறேன்னு பேர் குடுத்தவன் புரோ. வாங்க மாட்டேன்னு இருக்கறவன் அமெச்சூர். நல்லா வெளையாடறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

2024 ஜனவரில அமெரிக்கால நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். பி.ஜி.ஏ. டூர்ல தி அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்னு ஒரு போட்டி, நிக் டன்லப்னு ஒரு காலேஜ் பையன், அமெச்சூர், ஜெயிச்சுட்டான். மொதப் பரிசு 15,12,000 டாலர். பையனுக்கு எத்தன கெடைச்சது தெரியுங்களா? ஒரு பைசா இல்ல. ரெண்டாவது வந்த தென்னாப்பிரிக்காக்காரர் கிறிஸ்டியான் பெசுடென்ஹவுட்டுக்கு மொத்தமும் போச்சு. அந்தப் பையன் அடுத்த சில நாள்லயே புரோ ஆயிட்டான், பின்ன என்ன பண்ணுவான். நம்ம இந்தியன் ஓப்பன்லயும் 1965ல பி.ஜி. சேத்தின்னு ஒரு அமெச்சூர் ஜெயிச்சிருக்காரு, அது 1964ல ஆரம்பிச்ச போட்டி, ரெண்டாவது வருஷமே அப்படி.

அதனால புரோன்னா சம்பளக்காரன் இல்ல, பீஸ் ரேட்காரன். திருப்பூர்ல டெய்லர் பீஸ் ரேட்டுக்குத் தைப்பாரு பாருங்க, எத்தன பீஸோ அத்தன காசு, கரண்ட் போனா காசும் போச்சு. கோல்ஃப் புரோ அதைவிட ஒரு படி மோசம், ஏன்னா டெய்லர் கம்பெனிக்குள்ள வர்றதுக்குக் காசு கட்டறதில்ல, இவன் ஒவ்வொரு வாரமும் என்ட்ரி ஃபீஸ் கட்டித்தான் உள்ளயே வரணும்.

பணக்காரப் பசங்கங்கற பேச்சுக்கும் ஒரு பதில் சொல்லிடறேன். வசதி இருக்கறவங்க நெறைய பேர் இருக்காங்கதான், இல்லைன்னு சொல்லல, மட்டையும் பந்தும் அந்த வெலை விக்குது. ஆனா 2009 இந்தியன் ஓப்பனை ஜெயிச்ச முனியப்பா, பெங்களூர்ல கேடியா இருந்தவரு. கேடின்னா வெளையாடறவங்களோட பையைத் தூக்கிட்டுக் கூடவே நடந்து, எந்த மட்டையை எடுக்கலாம்னு யோசனையும் சொல்றவர். 2016லயும் 2017லயும் அடுத்தடுத்து ஜெயிச்ச எஸ்.எஸ்.பி. சௌராசியாவோட அப்பா, கொல்கத்தால ராயல் கல்கத்தா கிளப்புல புல்லுத் தரையைப் பராமரிச்ச ஆளு. அப்பா தண்ணி ஊத்துன புல்லுலதான் மகன் வெளையாடப் பழகுனாரு.

இது வரைக்கும் வந்தது சுருக்கமா: டோர்னமென்ட் ஒரு சந்தை, டூர் சந்தைச் சுத்து, புரோன்னா பரிசுப் பணம் வாங்கற உரிமை உள்ளவன், சம்பளம்ங்கற பேச்சே இல்ல.

## ஒரு வாரம் எப்படிப் போகும்

ஒரு ரவுண்டுன்னா 18 குழி. ஒவ்வொரு குழிக்கும் ஒரு நல்ல ஆட்டக்காரன் எத்தன தடவ அடிச்சு பந்தை உள்ள போடணும்னு ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, அதுக்குப் பேரு பார். தூரம் கம்மியான குழிக்கு 3, நடுத்தரத்துக்கு 4, தூரம் ஜாஸ்தியானதுக்கு 5, எல்லாத்தையும் கூட்டினா பெரும்பாலான மைதானத்துல 72 வரும். கொறைச்ச அடில முடிக்கறவன் மேல. 70 அடிச்சா "ரெண்டு அண்டர்", 75 அடிச்சா "மூணு ஓவர்". கிரிக்கெட் பாத்துப் பழகுன கண்ணுக்கு இது தலைகீழா இருக்கும், மைனஸ்ல இருக்கறவன் மொதல்ல நிப்பான், ஒரு வாரம் பாத்தா பழகிரும்.

ஒரு போட்டி நாலு நாள், நாலு ரவுண்டு, மொத்தம் 72 குழி. பி.ஜி.டி.ஐ.ல நெறையப் போட்டி செவ்வாக்கெழம ஆரம்பிச்சு வெள்ளிக்கெழம முடிஞ்சுரும். எதிராளின்னு யாரும் கெடையாது, எல்லாரும் ஒரே மைதானத்தோட வெளையாடறாங்க, கடேசில நாலு நாள் கூட்டுத்தொகை யாருக்குக் கம்மியோ அவன் ஜெயிச்சான்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். ரெண்டு நாள் முடிஞ்சதும் ஒரு கோடு போடுவாங்க. அதுக்குப் பேரு கட். கோட்டுக்கு மேல இருக்கறவங்க மட்டும் மூணாவது நாலாவது நாள் வெளையாடுவாங்க, கீழ இருக்கறவங்க பொட்டியைக் கட்டிட்டு ஊருக்குப் போகணும். பி.ஜி.டி.ஐ.ல வழக்கமா மொத 50 எடமும், 50வது எடத்துல சமமா நிக்கறவங்க எல்லாரும் உள்ள. பி.ஜி.ஏ. டூர்ல இது 65.

எதுக்கு இந்த கட்டுன்னா, பாவம் பாக்காத மனசுனால இல்லீங்க, வெளிச்சம் பத்தாது. ஒரு ரவுண்டு முடிக்க நாலரை அஞ்சு மணி நேரம் ஆகும். 120 பேருக்கு மேல இருந்தா மூணு மூணு பேரா பிரிச்சு, பத்து நிமிஷத்துக்கு ஒரு குரூப்பா, பாதி பேரை மொத குழில இருந்தும் மீதிப் பேரைப் பத்தாவது குழில இருந்தும் விட்டாக்கூட விடியக்காலைல ஆரம்பிச்சு பொழுது சாயறப்பதான் முடியும். அத்தன பேரை நாலு நாளும் வச்சு ஓட்டறது சிரமம், மழை வந்து ரெண்டு மணி நேரம் நின்னா கதை கந்தல். அதனால பாதி வழில பாதி பேரை எறக்கி விட்டுடறாங்க.

சரி, எறங்குனவனுக்கு எவ்வளவு காசு? பெரும்பாலான டூர்கள்ல பூஜ்யம். ரெண்டு நாள் வெளையாடினான், 36 குழி நடந்தான், 51வதா வந்தான், ஒரு ரூபா கெடையாது. இந்த ஒரு விஷயம் தெரியாம கோல்ஃப் டூரைப் பத்தி என்ன பேசினாலும் அது அரைகுறைதான்னு நான் சொல்லுவேன். ரெண்டாவது நாள் சாயங்காலம், கோடு ரெண்டு ஓவர்ல நிக்குதுன்னு வைங்க, ஒருத்தன் மூணு ஓவர்ல கடேசி குழிக்கு வர்றான், ஒரு ஷாட் மிச்சம் புடிச்சே ஆகணும், குழிக்கு ஆறடி தூரத்துல பந்து நிக்குது. மெதுவாத் தட்டணும், அவ்வளவுதான். போனா மீதி ரெண்டு நாளும் காசும் உண்டு, போகலைன்னா அன்னைக்கி ராத்திரி ட்ரெய்னு. ஜெயிக்கறவனோட கடேசி நாளைவிட எனக்கு இந்த ரெண்டாவது நாள் சாயங்காலம்தான் பெருசாத் தெரியுது, ஆனா அதை எந்தப் பேப்பரும் போடறதில்ல.

## காசு எப்படிப் பிரியுது

ஒரு போட்டிக்கு மொத்தமா வச்சிருக்கற பரிசுத் தொகைக்குப் பேரு பர்ஸ். "ஒரு கோடி ரூபா போட்டி"ன்னு சொன்னா ஜெயிக்கறவனுக்கு ஒரு கோடின்னு நெனச்சுக்கறாங்க, அங்கதான் மச்சான் மாதிரி ஆளுக ஏமாறறாங்க. அந்த ஒரு கோடி, கட்டைத் தாண்டுன அத்தன பேருக்கும் மேல இருந்து கீழ வரைக்கும் பிரியும். நம்ம ஊர் டூர்ல ஜெயிச்சவனுக்கு 100ல ஒரு 15, 16 பங்கு. பி.ஜி.ஏ. டூர்ல சாதாரணப் போட்டின்னா 18 பங்கு, மேல சொன்ன டன்லப் கதைல 84 லட்சம் டாலர் பர்ஸ், அதுல 18 பங்குதான் அந்த 15,12,000.

சமமா வந்தா எப்படின்னு ஒரு கேள்வி வரும். ரொம்ப சுலபம், பங்காளிக நெலம் பிரிச்ச மாதிரிதான். ஒரு பேச்சுக்கு மூணாவது எடத்துக்கு 6 லட்சம், நாலாவதுக்கு 5, அஞ்சாவதுக்கு 4ன்னு வைங்க. மூணு பேரு சமமா மூணாவது வந்துட்டா மூணு தொகையையும் கூட்டி 15 லட்சம், ஆளுக்கு 5. மொத எடத்துக்கு மட்டும் இப்படிப் பிரிக்க மாட்டாங்க, ஒருத்தன் ஜெயிக்கற வரைக்கும் கூடுதலா ஒவ்வொரு குழியா வெளையாட விடுவாங்க, அது பிளே ஆஃப்.

வரவு இது. செலவைப் பாக்கலாம், இதைத்தான் பேக்கரில யாரும் நம்பல. என்ட்ரி ஃபீஸ், ட்ரெய்ன் இல்ல ஃபிளைட், அஞ்சாறு நாள் லாட்ஜ், சாப்பாடு, கேடிக்கு வாரக் கூலி. கூலி போக, பரிசு வந்தா கேடிக்கு அதுல பங்கும் உண்டு, அமெரிக்கா பக்கம் ஜெயிச்சா 100க்கு 10, மொத பத்துக்குள்ள வந்தா 7, இல்லைன்னா 5ன்னு ஒரு வழக்கம். ஒரு பேச்சுக்கு ஒரு வாரத்துக்கு எல்லாஞ்சேத்து 50,000 ஆகுதுன்னு வைங்க, 18 வாரத்துக்கு 9 லட்சம். கோயமுத்தூர்ல இருந்து கெளம்புனா சண்டிகருக்குப் போற செலவே தனி, வடக்க இருக்கற பசங்களுக்கு அது ஒரு வசதி, இதைச் சொன்னா வடக்கு தெக்குன்னு பேசறான்பாங்க, ஆனா ட்ரெய்ன் டிக்கெட் பொய் சொல்லாது.

ஸ்பான்சர் வச்சிருக்கறவன் கொஞ்சம் மூச்சு விடுவான். இல்லாதவன், கிளப்புல பணக்காரப் பெரியவங்களுக்குச் சொல்லிக் குடுத்துச் சம்பாதிச்சு, அந்தக் காசுல போட்டிக்குப் போவான்.

## வருஷக் கணக்கு: ஆர்டர் ஆஃப் மெரிட்

அப்பிச்சிகிட்ட ஒரு நீள நோட்டு இருந்துச்சுங்க. எந்தச் சந்தைல என்ன வித்தாருன்னு வாரா வாரம் எழுதி, தை மாசம் உக்காந்து கூட்டுவாரு. டூர்லயும் அப்படி ஒரு நோட்டு இருக்கு, ஆனா அது எல்லாரோட பேரும் உள்ள ஒரே நோட்டு, ஊரே பாக்கறது. ஒவ்வொரு போட்டிலயும் ஒருத்தன் ஜெயிச்ச பரிசுப் பணத்தைக் கூட்டிக்கிட்டே போயி, யாருக்கு ஜாஸ்தியோ அவன் மேலன்னு போடற பட்டியல். அதுதான் ஆர்டர் ஆஃப் மெரிட். சில டூர்கள்ல ரூபாய்க்குப் பதிலா பாயின்ட் போடறாங்க, தத்துவம் ஒன்னுதான்.

செலவு இந்த நோட்டுல வராது, வரவு மட்டுந்தான். 20 லட்சம்னு போட்டிருக்கும், அவன் கையில நின்னது எத்தனைன்னு அவனுக்கும் அவன் வூட்டுக்காரம்மாவுக்கும்தான் தெரியும்.

இந்த முறைல என்ன வேடிக்கைன்னா ரெண்டு ரகமான ஆளு கிட்டத்தட்ட ஒரே எடத்துல வந்து நிப்பான். கற்பனையா ரெண்டு பேரை எடுத்துக்கங்க, ரெண்டு பேரும் 18 போட்டி. மொத ஆளு 15 போட்டில கட்டைத் தாண்டுனான், ஒன்னுலயும் ஜெயிக்கல, சராசரியா ஒன்றரை லட்சம், மொத்தம் 22.5 லட்சம். ரெண்டாவது ஆளு 14 போட்டில ரெண்டாவது நாளே ஊருக்கு வந்துட்டான், மிச்சம் நாலுல மூணுல ரெண்டு ரெண்டு லட்சம், ஒன்னுல ஜெயிச்சு 15 லட்சம், மொத்தம் 21. நோட்டுல ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வரி. ஆனா ரெண்டாவது ஆளோட வருஷத்தை நெனச்சுப் பாருங்க, 14 வாரம் வெறுங்கையோட வூட்டுக்கு வந்தவன், யாராச்சும் "எப்படிப்பா போகுது"ன்னு கேட்டாலே எரிஞ்சு விழுந்திருப்பான். போட்டோவும் கப்பும் மட்டும் அவனுக்கு.

இன்னொன்னும் கவனிக்கணும், எல்லாப் போட்டிக்கும் ஒரே பர்ஸ் கெடையாது. பெரிய பர்ஸ் உள்ள வாரத்துல நல்லா ஆடுனவன், நாலு சின்னப் போட்டில நல்லா ஆடுனவனைத் தாண்டிருவான். வருஷக் கடேசில ஜாம்ஷெட்பூர் போட்டி மாதிரி பெருசு வர்றப்ப பட்டியல் தடதடன்னு மாறறது இதனாலதான். அது ஃபைனல்னு சிலபேர் நெனச்சுக்கறாங்க, ஃபைனல் இல்ல, கடேசிச் சந்தை, கொஞ்சம் பெரிய சந்தை.

இது வரைக்கும்: ரெண்டாம் நாள் கட், தாண்டுனவங்களுக்குள்ள பர்ஸ் பிரியும், அந்த வரவைக் கூட்டுனா ஆர்டர் ஆஃப் மெரிட். இந்தப் பட்டியல் எதுக்குன்னா, அடுத்ததா வர்ற கார்டுக்கு.

## கார்டு: சேரன் எக்ஸ்பிரஸ் டிக்கெட் கணக்கு

கார்டுங்கறது அடுத்த வருஷம் டூர்ல வெளையாடற உரிமை. கிரெடிட் கார்டு மாதிரி கையில ஒன்னு குடுப்பாங்கன்னு எல்லாம் யோசிக்க வேண்டாம், பட்டியல்ல ஒரு எடம், அவ்வளவுதான்.

சேரன் எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் போறதா நெனச்சுக்கங்க. கன்ஃபர்ம் டிக்கெட் இருக்கறவன் நேரா போயி பெர்த்துல படுத்துக்குவான். அதுதான் முழு கார்டு. சீசன் முடியறப்ப ஆர்டர் ஆஃப் மெரிட்ல மேல இருக்கற இத்தன பேருக்குன்னு கணக்கு, பி.ஜி.டி.ஐ.ல வழக்கமா அந்தக் கோடு 60ல விழும். பி.ஜி.ஏ. டூர்ல ரொம்ப நாளா 125ல இருந்துச்சு, 2026 சீசனுக்கு அதை 100ன்னு சுருக்கிட்டாங்க.

அதுக்குக் கீழ இருக்கறவங்க வெயிட்டிங் லிஸ்ட். மேல இருக்கற யாராச்சும் வரலைன்னா வரிசைப்படி உள்ள வரலாம், போட்டி நடக்கற ஊருக்குக் காசு செலவு பண்ணிப் போயி, எடம் கெடைக்காம மைதானத்துக்கு வெளிய நின்னு திரும்புனவங்களும் எல்லா டூர்லயும் உண்டு. எமர்ஜென்சி கோட்டா மாதிரி, போட்டி நடத்தறவங்க தாங்களா கூப்பிடற சில எடம் இருக்கும், பெரும்பாலும் உள்ளூர்ப் பசங்களுக்கோ பேர் பெத்தவங்களுக்கோ போகும். சில டூர்ல தட்கலும் உண்டு: போட்டிக்கு முந்தின திங்கக்கெழம ஒரே ஒரு ரவுண்டு வச்சு, மேல வர்ற நாலஞ்சு பேரை மட்டும் உள்ள எடுப்பாங்க. அதுக்குப் பேரு மண்டே குவாலிஃபையர்.

போட்டி ஜெயிச்சவனுக்குத் தனி மரியாதை, அவன் பட்டியல்ல எங்க இருந்தாலும் கொஞ்ச காலத்துக்குக் கார்டு கெடைக்கும். மேல சொன்ன அந்த 14 வாரம் வெறுங்கை ஆளு, நோட்டுல பின்னாடி போயிருந்தாலும் தப்பிச்சிருப்பான்.

எதுவுமே இல்லாதவனுக்கும், புதுசா வர்றவனுக்கும் ஒரு வாசல் இருக்கு. குவாலிஃபையிங் ஸ்கூல், சுருக்கமா கியூ ஸ்கூல். பேருதான் ஸ்கூலு, பாடமும் இல்ல வாத்தியாரும் இல்ல, அது ஒரு பரீட்சை. மொதல் கட்டம், அப்பறம் கடேசிக் கட்டம்னு நாள் கணக்கா வெளையாடி, மேல வர்ற சிலபேருக்கு மட்டும் கார்டு. டி.என்.பி.எஸ்.சி. எழுதற பசங்களைக் கேளுங்க, அந்த நெஞ்சு படபடப்பு அவங்களுக்குப் புரியும், ஒரே வித்தியாசம் இதுல பாஸ் ஆனா வேலை நிரந்தரம் இல்ல, ஒரு வருஷத்துக்குத்தான்.

இப்ப யோசிங்க. 60வது ஆளுக்கும் 61வது ஆளுக்கும் நடுவுல சில ஆயிரம் ரூபாதான் வித்தியாசம் இருக்கும். சில ஆயிரம்னா, வருஷத்துல எங்கயோ ஒரு மைதானத்துல, ஏதோ ஒரு நாள்ல, உள்ள போகாம நின்ன ஒரே ஒரு பந்து. மொத எடத்துல நிக்கறவனைப் பாக்கறதை விட்டுட்டு, டிசம்பர்ல இந்த 55ல இருந்து 65 வரைக்கும் உள்ள பேருகளைப் பாருங்க, டூர்னா என்னன்னு அப்பத்தான் பிடிபடும்.

## மேல போற ஏணி

வட்டார டூரோட இன்னொரு வேலை, ஆளை மேல அனுப்பறது. உள்ளூர்ச் சந்தைல பேர் எடுத்தவன் பெரிய சந்தைக்குப் போற மாதிரிதான்.

டி.பி. வேர்ல்ட் டூரோட பண்ணிக்கிட்ட ஏற்பாட்டுனால, பி.ஜி.டி.ஐ. ஆர்டர் ஆஃப் மெரிட்ல மொதல்ல வந்தவருக்கு அந்த டூரோட கார்டு கெடைச்சுட்டு இருக்கு. 2022ல மனு காந்தாஸ், 2023ல மஹூ ஊர்க்காரர் ஓம் பிரகாஷ் சௌகான், 2024ல வீர் அலாவத், மூணு பேரும் அப்படி ஐரோப்பாவுக்குப் போனவங்க. அங்க போனதும் மறுபடி கோட்டுக்குக் கீழ மேலங்கற அதே கதை, இன்னும் பெரிய ஆளுகளோட.

இந்த ஏற்பாடெல்லாம் வர்றதுக்கு முன்னாடி போனவங்கள்ல சிலபேரு பரீட்சை எழுதித்தான் போனாங்க. ஜீவ் மில்கா சிங் கியூ ஸ்கூல் தாண்டி 1998ல யூரோப்பியன் டூருக்குப் போன மொத இந்தியர். அவரே 2006லயும் 2008லயும் ஏசியன் டூர் ஆர்டர் ஆஃப் மெரிட்ல மொத எடம். அவருக்கு முன்னாடி 2002ல ஜோதி ரந்தாவா, 2003ல அர்ஜுன் அத்வால், அப்பறம் 2015ல அனிர்பன் லாஹிரி.

அத்வாலோட 2010ஆம் வருஷத்தைச் சொல்லாம விட்டா இந்தக் கட்டுரையே வேஸ்ட். பி.ஜி.ஏ. டூர்ல வெளையாடிட்டு இருந்தவரு, காயம், அடி மேல அடி, அந்த வருஷம் நடுவுல கார்டு போயிருச்சு. ஆகஸ்ட்ல வின்டம் சாம்பியன்ஷிப்னு ஒரு போட்டி, உள்ள போக வழி இல்ல, திங்கக்கெழம தட்கல் வரிசைல நின்னு உள்ள போனாரு. போனவரு ஞாயித்துக்கெழம ஜெயிச்சுட்டாரு. ஒரே ஒரு ஷாட் வித்தியாசம். பி.ஜி.ஏ. டூர்ல ஜெயிச்ச மொத இந்தியர், மண்டே குவாலிஃபையர்ல வந்து ஜெயிச்ச ஆளு அங்க 1986க்கு அப்பறம் அவருதான். பரிசு 9,18,000 டாலர். ஆனா காசைவிட முக்கியம், வெற்றியோட சேந்து ரெண்டு வருஷத்துக்கு மேல கார்டு. அந்தத் திங்கக்கெழம கார்டு இல்லாதவரு, ஞாயித்துக்கெழம ராத்திரி கன்ஃபர்ம் டிக்கெட்டு.

இதையெல்லாம் ரெண்டாவது டீ முடியறதுக்குள்ள பேக்கரில சொல்லி முடிச்சேன். மச்சான் சம்பளக் கேள்வியை விட்டுட்டு, 14 வாரம் வெறுங்கையோட வந்தவனுக்குப் பொண்ணு குடுப்பாங்களான்னு ஆரம்பிச்சுட்டான். தேங்கா பன்னு பெரியவருதான் யோசிச்சு கேட்டாரு, "ஏனுங் தம்பி, அப்ப அந்த 61வதா வந்தவன் என்ன பண்ணுவான்?"

"கியூ ஸ்கூலுக்குப் போவானுங்க."

"அதுக்கும் காசு கட்டோணுமா?"

"ஆமாங்க"ன்னேன். அவரு பன்னுக்குக் காசு குடுத்துட்டு, தலையை ஆட்டிட்டே வண்டியை எடுத்தாரு.